ஒருவரையும் நம்பாத அக்கா

அக்கா என் காரில் ஏறியது ஒரேயொரு முறைதான். அன்று காலையிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் அலுவலகத்திலிருந்து ஸ்காபரோவுக்கு அவர் மூன்று பஸ் மாறிப் போகவேண்டும். பஸ்கள் எல்லாம் தாமதம். நானும் ஸ்காபரோவில்தான் இருந்தேன். "வாங்கோ அக்கா, வீட்டடியில இறக்கிவிடுறன்" என்றேன்.

அவர் உடனே ஏறவில்லை. காரின் பின்பக்கம் போய், கையுறையால் பனியைத் துடைத்து, நம்பர் தகட்டைப் போனில் படம் பிடித்தார். அதை யாருக்கோ அனுப்பினார். பின் இருக்கையை ஒருமுறை எட்டிப் பார்த்தார். அதன் பிறகுதான் கதவைத் திறந்தார்.

"ஆருக்கு அனுப்பினீங்கள்?"

"மகளுக்கு."

"ஒண்டரை வருசமா உங்களுக்குப் பக்கத்துக் கதிரையிலதான் இருக்கிறன் அக்கா."

"ஓம், அதாலைதான் ஏறினனான். இல்லாட்டி நடந்திருப்பன்" என்றார்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால், "ஏன் எழுதினீர்? ஆர் கேட்டது?" என்று அவர் கேட்பார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு. எந்தக் காலத்திலும் ஒரு சாம்பல் நிற ஸ்வெற்றர். எங்கள் ஆட்களில் அக்காமார் யாரைக் கண்டாலும் முதல் வாயிலேயே "தம்பி" என்பார்கள். இவர் என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நீர், உமக்கு, உம்மடை, அவ்வளவுதான். ஒருநாள் கேட்டே விட்டேன். "தம்பி எண்டு கூப்பிட்டால் பிறகு தம்பியை நம்பவேணுமே" என்றார். சிரிக்கவில்லை.

எங்கள் வேலை லொறிகளைப் பார்த்துக்கொண்டிருப்பது. மேற்கு ஆபிரிக்காவில், செனகல் துறைமுகத்தில் அரிசியும் எண்ணெயும் மருந்தும் ஏற்றிக்கொண்டு லொறிகள் எல்லை தாண்டி மாலி நாட்டுக்குள் போகும். அந்தத் தெருவில் ஆயுதக்காரர்கள் நின்றார்கள். லொறியை மறிப்பார்கள், சாமானை எடுப்பார்கள், சிலவேளை லொறியைக் கொளுத்துவார்கள். சாரதியைக் கொண்டுபோனால் அவன் வந்தாலும் வருவான், வராமலும் போவான். ஐந்து பேர் ஓர் அறையில் இருந்து, வரைபடத்தில் நகரும் புள்ளிகளைப் பார்த்து, சாரதிகளுடன் தொலைபேசியில் பேசி, தெரு சரியில்லையென்றால் நிறுத்தவோ திருப்பவோ வேண்டும். அதை ஏன் கனடாவிலிருந்து செய்கிறீர்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். காப்புறுதிக்காரர்கள் ரொறன்ரோவில் இருந்தார்கள், அதுதான் காரணம். லொறிகள் பகலில் மட்டுமே ஓடும். இங்கே காலை ஆறு மணிக்கு நாங்கள் கதிரையில் இருக்கும்போது அங்கே முற்பகல். இங்கே இரண்டு மணியாக அங்கே பொழுதுபடும். லொறிகள் ஒதுங்கிவிடும். நாங்கள் வீட்டுக்குப் போவோம்.

அக்காவுக்கும் எனக்கும் அந்த வேலை கிடைத்தது பிரெஞ்சு மொழியால். நான் மொன்றியலில் வளர்ந்தவன். அவர் பாரிஸில் பன்னிரண்டு வருடம் ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கி, அங்கேயே மொழி படித்து, பிறகு மகளுடன் இங்கே வந்தவர். "உம்மடை பிரெஞ்சு பனியில விறைச்சுப்போன பிரெஞ்சு" என்பார். அவர் சொன்ன ஒரே பகிடி அதுதான்.

வேலையில் சேர்ந்த முதல் நாள், "உம்மடை அப்பா எங்கை வேலை?" என்று கேட்டார். மொன்றியலில் ஒரு பாண் தொழிற்சாலையில், ரொட்டி சுடும் வேலை என்றேன். நாலு நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அப்பாவுக்கு இன்னும் அந்த உடுப்புத் தொழிற்சாலைதானோ?" என்றார். மறந்துவிட்டாராக்கும் என்று நினைத்து, "உடுப்பு இல்லை அக்கா, பாண்" என்றேன். தலையாட்டினார். அவர் ஒன்றையும் மறப்பவர் அல்லர் என்பதும், எந்தக் கேள்வியையும் கோணல் பண்ணி இரண்டாம் தரம் கேட்பார் என்பதும் பிறகுதான் விளங்கியது. மற்றவர் ஊற்றிய தேநீரைக் குடிக்கமாட்டார். மேசையை விட்டு எழும்பினால் குறிப்புப் புத்தகத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டே எழும்புவார். கழிவறைக்கும் அந்தப் பை போகும்.

ஆனால் அவர் சாரதிகளுடன் பேசுவதை நீங்கள் கேட்டிருக்கவேண்டும். நாங்கள் அழைப்பு எடுத்தவுடன் "எங்கே நிற்கிறாய்?" என்போம். அக்கா அதைக் கேட்கவே மாட்டார்.

"எங்கை எண்டு கொம்பியூட்டர் சொல்லும். பக்கத்தில ஆர் எண்டு அது சொல்லாது" என்பார்.

காலையில் என்ன சாப்பிட்டாய், நேற்று இருமினாயே இன்று எப்படி, மகளுக்குப் பல்லு விழுந்ததா என்று கேட்டுக்கொண்டே போவார். கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். சாரதி மூச்சு விடுகிற விதம், பதில் சொல்ல எடுக்கிற நேரம், பின்னால் கேட்கிற சத்தம் எல்லாவற்றையும் அவர் காது பொறுக்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சாரதியுடனும் அவருக்கு ஒரு பொய் இருந்தது. புதிதாக ஒருவன் சேர்ந்தால், "உன் வீட்டில் இல்லாத ஒன்றைச் சொல்" என்று கேட்பார். இத்ரிசா என்ற சாரதி, "என்னிடம் ஆடு இல்லை" என்று சொல்லியிருந்தான். அதிலிருந்து அக்கா அவனிடம், "ஆடு குட்டி போட்டதா?" என்று கேட்பார். பக்கத்தில் ஒருவரும் இல்லையென்றால் அவன், "எனக்கு ஏது ஆடு, விடு அக்கா" என்று சலித்துக்கொள்வான். ஆயுதக்காரன் பக்கத்தில் நின்றால், "போட்டது" என்று சொல்லவேண்டும். வேண்டும் என்றே சொல்லிக்கொடுத்து, அந்தச் சாரதிகள் எல்லாரையும் தமிழில் 'அக்கா' என்றே கூப்பிடப் பழக்கியிருந்தார். வேறு யாராவது போனை வாங்கிப் பேசினால் பிரெஞ்சு வழக்கப்படி 'மதாம்' என்பான், பிடிபட்டுவிடுவான்.

இதெல்லாம் எனக்கு முழுதாகத் தெரிந்தது பின்னாட்களில். அப்போது பக்கத்திலிருந்து கேட்கும்போது ஏதோ ஊர்க்கதை பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆடு விஷயம் உட்பட. எந்தச் சாரதிக்கு எந்தக் கேள்வி என்பதை எழுதித் தரும்படி மனேஜர் மூன்று தரம் கேட்டார். மூன்றாம் தரம் அக்கா ஒரு பட்டியல் கொடுத்தார். மனேஜர் அதைச் சுவரில் ஒட்டினார்.

அக்காவின் சந்தேகம் எப்போதும் சரியாக இருந்தது என்று சொல்லமாட்டேன். பெரும்பாலும் பிழையாகவே போனது. ஒரு சாரதி, வெள்ளிக்கிழமை ஒரு கடையில் சாப்பிட்டேன் என்றான். அந்தக் கடை வெள்ளிக்கிழமை பூட்டியிருக்கும் என்று அக்காவுக்கு எப்படியோ தெரியும். ஆறு லொறிகளை ஒரு நாள் முழுக்க வெயிலில் நிற்பாட்டினார். கடைசியில் பார்த்தால் கடைக்காரனின் மனைவி வீட்டு வாசலில் வைத்துச் சோறு விற்றிருக்கிறாள். மருந்துப் பெட்டிகள் சூட்டில் பழுதாகிவிட்டன என்று மனேஜர் கத்தினார். அக்கா தன் பாட்டில் இருந்தார். "ஆறு பேரும் வீட்ட போயிட்டினம்தானே" என்றார்.

எனக்கு அவர்மேல் மரியாதை இருந்தது. கூடவே, நான் அவரைப்போல் ஆகிவிடக்கூடாது என்ற எண்ணமும் இருந்தது. மனிதர்களை மனிதர்களாகப் பார்க்கவேண்டும் என்று நினைப்பேன். அதில் எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது. இத்ரிசாவின் தம்பியுடன் பேசும்போது அந்தப் பெருமை கூடும்.

சாரதிகளின் குடும்பங்கள் விசாரிப்பதற்கென்று அலுவலகத்தில் ஒரு தொலைபேசி இலக்கம் இருந்தது. யார் அதற்கு அழைப்பு எடுத்தாலும் நாங்கள் "சுகமாக இருக்கிறார்" என்று மட்டும்தான் சொல்லலாம். இடம் சொல்லக்கூடாது, நேரம் சொல்லக்கூடாது. அந்த இலக்கத்துக்கு ஒருவன் அடிக்கடி எடுப்பான். இத்ரிசாவின் தம்பி என்று சொன்னான். என்னைப் 'பெரியண்ணா' என்பான். தாய்க்கு உடம்பு வருத்தம், மகன் வரும்வரை சாப்பிடமாட்டேன் என்று பிடிவாதம், எத்தனை மணிக்கு வருவான் என்று மட்டும் தெரிந்தால் ஏதாவது சொல்லிச் சாப்பிட வைக்கலாம் என்பான். முதல் இரண்டு தரம் நான் சொல்லவில்லை. மூன்றாம் தரம், "பாலம் தாண்டிவிட்டார், பின்னேரம் வந்துவிடுவார்" என்றேன். அவன் அழுகிற குரலில் நன்றி சொன்னான். அன்று முழுக்க எனக்கு மனம் நிறைந்திருந்தது. பிறகு அது வழக்கமாகிவிட்டது.

அந்த இலையுதிர்காலத்தில் இரண்டு முறை ஆயுதக்காரர்கள் சரியான இடத்தில், சரியான நேரத்தில் காத்திருந்தார்கள். முதல் முறை சாரதிகள் காட்டுக்குள் ஓடித் தப்பினார்கள். இரண்டாம் முறை ஒரு லொறி எரிந்தது. தெருவோரத்தில் நின்று யாராவது பார்த்துச் சொல்லியிருப்பார்கள் என்று மனேஜர் சொன்னார்.

"இல்லை. இஞ்சையிருந்துதான் செய்தி போகுது" என்றார் அக்கா.

அதன் பிறகு அந்த அறையில் மூச்சு விடுவதே கஷ்டமாகிவிட்டது. நான் கழிவறைக்குப் போய் வந்தால் அக்கா கடிகாரத்தைப் பார்ப்பார். என் போன் ஒளிர்ந்தால், "ஆர் உது?" என்பார். மனைவி என்பேன். பத்து நிமிடம் கழித்து, "மனிசி இப்ப வேலையில நிக்கிற நேரமெல்லோ?" என்பார். ஒருநாள் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, எல்லாரும் போனை இதற்குள் போடுங்கள் என்றார். நாங்கள் போட்டோம். ஆனால் எங்களோடு இருந்த ஒரு பெண், மனேஜரிடம் போய் முறையிட்டாள். எனக்கும் ஆத்திரம்தான். "அக்காவுக்கு மனுசரோட இருக்கத் தெரியாது" என்று வீட்டில் சொன்னேன். மனேஜர் அவரை ஒரு கிழமை வீட்டில் நிற்கச் சொன்னார்.

போகும்போது என் மேசைக்கு வந்தார். ஒரு துண்டில் தன் வீட்டு இலக்கத்தை எழுதி வைத்தார்.

"என்ரை பொடியள் ஆராவது வழமைக்கு மாறா ஏதும் சொன்னால், உடனை எனக்கு எடும்."

"என்னை நம்புறீங்களோ அக்கா?" என்றேன். குரலில் குத்தல் இருந்தது.

"இல்லை. தமிழில கதைச்சால் இஞ்சை மற்றவைக்கு விளங்காது. அதுதான்."

மூன்றாம் நாள் ஒன்பது லொறிகள் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்தன. இத்ரிசா முன்னால், மற்ற எட்டும் நாற்பது கிலோமீற்றர் பின்னால். காலையில் அந்தத் தம்பி எடுத்தான். வழக்கம்போலச் சொன்னேன். எட்டு மணியளவில் நான் இத்ரிசாவுக்கு எடுத்தேன்.

"தெரு எப்படி?"

"நல்ல தெரு. ஒரு பிரச்சினையும் இல்லை. மற்ற லொறிகளும் வரட்டும். அக்காவிடம் சொல்லுங்கள், ஆடு குட்டி போட்டுவிட்டது. இரண்டு குட்டி."

உற்சாகமான குரல். நான் அவனுக்கு வாழ்த்துச் சொன்னேன். இரண்டும் பெட்டைக் குட்டியா என்று கேட்டுச் சிரித்தேன். அவனும் சிரித்தான். போனை வைத்த பிறகு ஏதோ உறுத்தியது. தெரு எப்படி என்றுதான் கேட்டேன், ஆட்டைப் பற்றிக் கேட்கவில்லையே. சுவரில் இருந்த பட்டியலைப் பார்த்தேன். இத்ரிசாவுக்கு நேரே 'கிணறு' என்று இருந்தது. ஆடு எங்கும் இல்லை. அப்படியென்றால் வெறும் வீட்டுச் செய்திதான் என்று உட்கார்ந்தேன். பத்து நிமிடத்துக்குமேல் உட்கார முடியவில்லை. அக்காவுக்கு எடுத்தேன்.

"என்ன சொன்னவன்? ஒரு சொல்லும் மாத்தாமல் பிரெஞ்சில சொல்லும்."

சொன்னேன்.

"பட்டியலில கிணறு எண்டெல்லோ இருக்கு அக்கா?"

"அந்தப் பட்டியல் முழுக்கப் பொய்" என்றார். "இப்ப நான் சொல்லுறதைக் கேளும். மற்ற எட்டுப் பேருக்கும் நீர் எடுக்கக்கூடாது. எங்கை நிக்கிறது, எந்தப் பக்கம் திரும்புறது எண்டு நான் சொல்லுறன். உமக்குத் தெரியவேண்டாம். மனேஜருக்கும் தெரியவேண்டாம். திரையை நிப்பாட்டும்."

"திரையையோ?"

"நிப்பாட்டும் எண்டு சொன்னனான்!"

அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றுதான். திரையை அணைத்தேன். மனேஜர் ஓடிவந்தார், கத்தினார். திரையின் மின்வயரை ஒருவரும் தொடாதபடி நான் மறித்துக்கொண்டு நின்றேன். ஐம்பது நிமிடம் அந்த எட்டு லொறிகளும் எங்கே இருக்கின்றன என்று எங்கள் அறையில் ஒருவருக்கும் தெரியாது. ஸ்காபரோவில் ஒரு அப்பாட்மென்டின் சமையலறையிலிருந்து அக்கா ஒவ்வொருவராக எடுத்து, வேறு தெருவால் திருப்பி, ஒரு நகரத்து இராணுவ முகாம் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு எனக்கு எடுத்தார். "எட்டும் நிக்குது" என்றார். பிறகு, "இத்ரிசா மட்டும் போனுக்குப் பதில் சொல்லுறான் இல்லை" என்றார்.

மறுநாள் அக்கா வேலைக்கு வந்துவிட்டார். மனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. இத்ரிசாவை லொறியோடு கொண்டுபோய்விட்டார்கள் என்று செய்தி வந்தது. நான் குடும்பங்களுக்கான தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தேன். தம்பி எடுப்பான், அவனுக்கு எப்படிச் சொல்வது என்று வசனங்களை யோசித்து வைத்திருந்தேன். அன்று அவன் எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை. அண்ணன் சுகமாகப் போய்க்கொண்டிருந்த நாளெல்லாம் எடுத்தவன், அண்ணனைக் காணவில்லை என்றதும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும்போது, நான் சொன்னதெல்லாம் யாருக்குப் போனது என்று எனக்கு விளங்கியது. பெட்டியை மூடிவிட்டேன்.

அக்காவைத் தேடிப் போனேன். கார் நிறுத்துமிடத்தில் தனியே நின்று தன் குடுவையிலிருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பாலம் தாண்டியதைச் சொன்னது, தாயின் வருத்தம், பெரியண்ணா, எல்லாம். அவர் குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எதையும் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

மிச்சத் தேநீரை நிலத்தில் ஊற்றிவிட்டுப் பேசினார்.

"என்ரை மனிசன் லொறி ஓடினவர். சண்டை நேரம். வவுனியாவில சாமான் ஏத்தி வன்னிக்குள்ள கொண்டுபோறது. ரண்டு பக்கத்துச் சோதனையும் தாண்டவேணும். ஒருநாள் பத்து லொறி போனது. அவரை மட்டும் இறக்கினவங்கள், ஆள் திரும்பி வரேல்லை. ஆரோ சொல்லியிருக்கினம். ஆர் எண்டு இண்டைக்கும் தெரியாது." குடுவையை மூடினார். "தெரிஞ்சால் சந்தேகம் ஒருத்தனோட போகும். தெரியாட்டில் எல்லாரிலையும் ஒட்டும். அவரின்ரை சொந்தத் தமையனிலை நான் சந்தேகப்பட்டனான். அந்தத் தமையன்ரை செத்தவீட்டுக்கும் நான் போகேல்லை."

நான் அழுதுவிட்டேன்.

"அழாதையும். நீர் கூடாத ஆள் இல்லை. அது எனக்குத் தெரியும்" என்றார். "ஆனால் நான் மேலிடத்துக்கு எழுதிக் குடுப்பன். என்ரை பொய்ப் பட்டியலையும் சேர்த்துத்தான் எழுதுவன். அது சரியா இருந்திருந்தால் அந்தப் பத்து நிமிசம் வீணாப் போயிராது."

எழுதிக் கொடுத்தார். அவரை எச்சரித்தார்கள். என்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கோபம் வரவில்லை. விமான நிலையத்தில் பொதிகள் பிரிக்கிற வேலை ஒன்று கிடைத்தது. இத்ரிசாவை ஐந்து கிழமைக்குப் பிறகு, ஊர்ப் பெரியவர்கள் போய்ப் பேசி, விட்டுவிட்டார்கள் என்று பழைய கூட்டாளி ஒருவன் சொன்னான். அன்று வீதியோரத்தில் காரை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

எட்டு மாதம் கழித்து அக்கா எடுத்தார். வணக்கம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை.

"அந்தக் குரல் ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு அக்கா."

"எனக்குச் சொல்லாதையும். ஞாயிற்றுக்கிழமை வாரும்."

ஸ்காபரோவில் எங்கள் ஆட்களின் சாப்பாட்டுக்கடை ஒன்றில் சந்தித்தோம். மூலை மேசை. அவர் முதுகைச் சுவருக்குக் கொடுத்து இருந்தார். இன்னும் மெலிந்திருந்தார். எனக்கும் ஒரு தேநீர் சொல்லியிருந்தார். போனை மேசையில் வைத்து, இலக்கத்தை அழுத்தி, என் பக்கம் தள்ளினார்.

"இத்ரிசா. திரும்பவும் லொறி ஏறப்போறானாம். அதுக்கு முன்னம் உம்மிட்டை ஒண்டு கேக்கவேணுமாம்."

என்ன சொல்வதென்று தெரியாமல், "என்னை மன்னித்துவிடு" என்றுதான் தொடங்கினேன். அவன் அதைக் காதில் வாங்கவில்லை.

"என் தம்பி என்று சொன்னானே, அவன் எப்படிப் பேசினான்?"

"எப்படி என்றால்?"

"பேசின விதம். எல்லாவற்றையும் சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டு நினைத்தேன். "வேகமாகப் பேசுவான். ஒரே மூச்சில் நாலைந்து வசனம். இடையில் சிரிப்பான். நான் பதில் சொல்லி முடிக்கமுதல் அடுத்ததைக் கேட்டுவிடுவான்."

"தடுமாறமாட்டானா?"

"இல்லை."

"ஒரு சொல்லிலும்?"

"ஒரு சொல்லிலும் இல்லை."

அவன் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் போகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. துண்டித்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"என் தம்பிக்குத் திக்குவாய்" என்றான் இத்ரிசா. "பிறந்ததிலிருந்தே. தன் பெயரைச் சொல்லி முடிக்கவே அவன் படாத பாடு படுவான். நான் திரும்பி வந்து, நீயா சொன்னாய் என்று கேட்டேன். வழக்கத்தைவிட மோசமாகத் திக்கினான். குற்றம் செய்தவன் பயத்தில் திக்குகிறான் என்று நினைத்தேன். அவன் பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்றும் நான் போகவில்லை. என் வாசலுக்கு வந்தவனை உள்ளே விடவில்லை." அவன் குரல் உடைந்தது. ஏதோ சொன்னான், பிரெஞ்சில் இல்லை, அவனுடைய மொழியில். பிறகு போனை வைத்துவிட்டான்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன்ரை மனம் ஆறட்டும் எண்டு பொய் சொல்லேல்லைத்தானே?"

"அவன்ரை தம்பிக்குத் திக்குவாய் எண்டு எனக்கு எப்பிடி அக்கா தெரியும்?"

அதை அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "தெரியாதுதான்" என்றார்.

கடையில் யாரோ கொத்துரொட்டி கொத்துகிற சத்தம் எழும்பி அடங்கியது. அவர் தேநீர்க் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அவன் விடுபட்டு வந்த உடனை நான்தான் எடுத்துக் கதைச்சனான். உனக்குத் தம்பி இருக்கோ, உன்ரை பயணமெல்லாம் அவனுக்குத் தெரியுமோ எண்டு நான்தான் கேட்டனான். அவனுக்கு அதுவரைக்கும் தம்பியிலை ஒரு நினைப்பும் இல்லை. நான் கேட்ட கேள்வியாலை வந்தது." கோப்பை நின்றது. "எட்டு மாசம்."

அவருக்கு ஆறுதல் சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று பட்டது.

"அவனிட்டை நான் அதைச் சொல்லேல்லை" என்றார்.

"இப்ப சொல்லலாம் அக்கா. போன் இருக்குத்தானே."

எடுத்தார். காதில் வைத்தார். இறக்கினார். இன்னொரு முறை அழுத்தினார். இந்த முறை அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. லைன் பிசி.

"தம்பிக்கு எடுத்திருப்பான்" என்றேன்.

அக்கா போனையே பார்த்தார். எத்தனை மணி அங்கே, அவனுக்கு வேறு யார் யார் இருக்கிறார்கள், இந்த நேரத்தில் யாருடன் பேசக்கூடும் என்று அவர் மனம் ஓடுவது எனக்கு முகத்தில் தெரிந்தது. பிறகு போனை மேசையில் வைத்தார்.

"இருக்கும்" என்றார். "முதல் அவனோட கதைச்சு முடிக்கட்டும்."

நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.